காற்றுக்காக மூக்கு வைத்த லாரி

என் கணவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் எதிரிதான். காற்று. பக்கத்து வீட்டுக்காரரோடு அவருக்குச் சண்டை இல்லை, ஜாலான் பெண்டஹாராத் தெருவில் நாங்கள் துணி எடுக்கும் மொத்தக் கடைக்காரரோடும் இல்லை, என்னோடுகூட அதிகம் கிடையாது. காற்றோடு மட்டும் ஒரு வருஷம் முழுக்க மல்லுக்கு நின்றார். மலாய் நாடு சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம். ஊரெல்லாம் புதுக் கொடியைப் பற்றியும் புது மந்திரிகளைப் பற்றியும் பேச்சு. காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் லாரிக்கு மூக்கு வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பட்டாளத்தார் கழித்துப்போட்ட பழைய லாரி அது. அதன் முதுகில் பலகையால் ஒரு பெட்டி கட்டி, ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலை விற்றோம். பெட்டிக்குள் ஒரு பக்கம் துணி அடுக்கும் தட்டுகள். மறுபக்கம் என் தையல் மிஷின், மடக்குக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் குடம். அவர் துணியை விற்பார், நான் அங்கேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். பொழுது சாய்ந்தால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்வோம்.

அந்தப் பெட்டிக்குக் கதவு இருந்தது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. காஜா பெராங் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். இன்னொன்றில் கல்யாணமாகாத நாத்தனார்கள் மூவர். புதுப்பெண்ணாக வந்த எனக்கு நாத்தனார்களுக்கு நடுவில் ஒரு பாய், என் கணவருக்குக் கூடத்தில் ஒரு பாய். புருஷனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போக வேண்டும். அங்கேயும் யாராவது வாளியோடு வந்து நிற்பார்கள். ஆகவே சக்கரம் வைத்த அந்தப் பலகைப் பெட்டிதான் எங்களுடைய ஒரே அறை. அதன் மேல் நான் உயிரையே வைத்திருந்தேன்.

அறைக்கு இருந்த ஒரே குறை, அது பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. தோட்டத்தில் விற்றுக் கிடைப்பதெல்லாம் வழியில் வண்டியின் வயிற்றுக்கே போயிற்று. ஒருநாள் பெரியவர், அதாவது என் கணவரின் அண்ணன், தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பெட்டிய எறக்கிட்டு கித்தான் போட்டுக்க தம்பி. பாரம் கொறையும், காத்தும் அடிக்காது. நீ மட்டும் போய்ட்டு வா. வீட்லயும் கைக்கு ஆளில்லாம உங்க அண்ணி ரொம்ப சிரமப்படுறா."

கடைசியாகச் சொன்னதுதான் முதல் காரணம் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் என் ஓரகத்தி அப்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் கடைத்தெருவில் குரல் கொடுத்தால் நாலு கடை தள்ளிக் கேட்கும். வீட்டுக்குள் வந்தால் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது.

"கொஞ்சம் டைம் குடுங்கண்ணே. பெட்ரோல் எண்ணெய கொறைச்சுக் காட்டுறேன்" என்றார் என் கணவர். அன்றுதான் காற்றோடு போர் தொடங்கியது.

முதலில் எங்கள் தெருமுனையில் இருந்த, தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழும் செட்டி வம்சத்துத் தச்சரை அழைத்து வந்தார். நெற்றியில் திருநீறு, கும்பிடுவது எங்கள் சாமியைத்தான், பேசுவது மட்டும் மலாய். அவர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓட்டுநர் கூண்டுக்கு மேலே சுவராக எழும்பி நின்ற பெட்டியின் முன்பக்கத்தைத் தட்டினார். "அங்ஙின் மாக்கான் மிஞ்ஞா" என்றார். எண்ணெயைத் தின்பது காற்றுதான் என்று அர்த்தம். கூரையை ஒரு முழம் இறக்கிவிட்டால் பாதிக் கஷ்டம் தீரும் என்றும் சொன்னார்.

"அது முடியாது. தட்டுல சேல நிக்காது" என்றார் என் கணவர்.

சேலை எங்கே நிற்கும்? மடித்துப் படுத்துத்தானே கிடக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவரைவிட நாலு விரல் உயரம். அந்தக் கூரைக்குக் கீழே என் தலை இடிக்காமல் நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு முழம் இறக்கினால் நான் நாளெல்லாம் குனிந்துதான் நடக்க வேண்டும். இதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மனிதருக்கு விவரம் பத்தாது என்றுதான் நினைத்தேன்.

அடுத்து, கூண்டின் உச்சியில் அவர் ஆசை ஆசையாக எழுதி மாட்டியிருந்த பெயர்ப் பலகை. காற்றை முகத்துக்கு நேராக வாங்குவது அதுதான் என்று தச்சர் விரலை நீட்டினார். சிவப்பு எழுத்து, பச்சை ஓரம். அதைக் கழற்றிப் பக்கவாட்டில் அடித்த பிறகு ஒரு வாரம் துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. லாரிக்கு நான்தான் சந்தனம் பூசினேன். அவசரத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பூசிய கையோடு வண்டி கோயில் வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பியபோது, சந்தனம் முழுக்கக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. பக்கங்களில் ஒழுங்காகப் பின்னோக்கி. முன்சுவரில் மட்டும் மேலும் கீழுமாகச் சிதறி, மூலைகளில் சுழன்று, பார்க்கச் சகிக்கவில்லை. அபசகுனம் என்றாள் ஓரகத்தி. அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டு அதன் எதிரே நின்றுவிட்டார்.

"காத்து எங்க முட்டுதுன்னு சாமியே காட்டிக் குடுத்துருச்சு!"

சாமி காட்டவில்லை, நான்தான் சந்தனத்தை நீர்க்கக் கரைத்தேன் என்றேன். காதில் வாங்கவே இல்லை. மனைவிக்குப் போக வேண்டிய பெருமை சாமிக்குப் போவது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல.

சந்தனம் சிதறிய இடத்தை அளந்து, பிரம்பை வளைத்துக் கட்டி, அதன் மேல் தகரத்தைப் போர்த்தி, கூண்டின் உச்சியிலிருந்து கூரை வரைக்கும் சரிவாக ஒரு மூக்கு வைத்தார். பாதியாக வெட்டிய பலாப்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. உள்ளே வெறும் பொள்ளல். ஆணி அடித்த வேகத்தைப் பார்த்தால் காற்றையே பிடித்து அறைகிறாரோ என்று இருக்கும். போதாக்குறைக்கு வண்டியை மேட்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சரிவில் உருள விட்டுப் பார்ப்பார். மூக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு தென்னைமரத்தடியில் நின்ற வண்டி, வைத்த பிறகு அதைத் தாண்டிக் கள்ளுக்கடை வாசலில் போய் நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டப்பகலில் கள்ளுக்கடைக்குக் குடும்பத்தோடு லாரியில் வருகிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

பெரியவர் அசரவில்லை. "சரிவுல உருட்டுறதெல்லாம் கணக்கில்ல. ஒரு சுத்து போவோம். ஜாசின், தங்காக், சிகாமட், கிம்மாஸ், தம்பின். ஒரே டேங்க் எண்ணெயில வீடு வந்து சேந்தா பெட்டி இருக்கட்டும். இல்லன்னா பிரிச்சிடணும். நானும் கூட வர்றேன்."

விடிந்ததும் கிளம்பினோம். தொட்டி நிரம்பும் வரை ஓரகத்தி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். வழக்கமாக எடுத்துப் போகும் உபரி பெட்ரோல் டின்னை வாங்கி வாசற்படியில் வைத்துக்கொண்டாள். முன்னால் அண்ணனும் தம்பியும், பின்னால் பெட்டிக்குள் நான். அன்றைக்கு என் கணவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, தங்காக் சாலையில் ஒரு கிழவர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்துக் கையும் ஆட்டினார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்தச் சுற்றில் தோற்றால் மறுபடியும் நாத்தனார்களுக்கு நடுவில் பாய்.

சிகாமட்டைத் தாண்டியதும் சாலையில் தடுப்பு. அவசரகாலச் சட்டம் இன்னும் முடியவில்லை. காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். மலாய்க்காரக் கார்ப்பரல் ஒருவர் எங்களை இறங்கச் சொன்னார். பெட்டிக்குள் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். கடைசியில் மூக்கைத் தட்டினார். பொள்ளல் சத்தம் கேட்டது.

"உள்ளே என்ன? பெராஸா?" என்று அரிசியைக் கேட்டார் மலாயில்.

"காற்று, துவான்" என்றார் என் கணவர், ஐயா போட்டு மரியாதையாக.

கார்ப்பரல் அந்தப் பதிலை ரசித்ததாகத் தெரியவில்லை. திறந்து காட்டச் சொன்னார். அரிசி ஏது, திறந்து காட்டினால் தீர்ந்தது என்று நான் நிம்மதியாக நின்றேன். என் கணவருக்கு மட்டும் முகம் வெளிறிவிட்டது. கூண்டின் மேல் ஏறி ஆணியை நெம்பினார். அடித்தது அவர் ஆயிற்றே, ஓர் ஆணிகூடச் சுலபமாக வரவில்லை. தகரம் நெடுக்கக் கிழிந்தது. உள்ளே கையை விட்டு ஒரு மூட்டையை எடுத்தார். என் பழைய சேலை. அதற்குள் ஆடாமல் அசையாமல் சுற்றி வைத்த ஒரு பெட்ரோல் டின்.

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி டின்னைப் பார்த்தார். கார்ப்பரல் மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "பெட்ரோலை எதற்கய்யா இப்படி ஒளித்து வைத்தாய்?" என்றார்.

என் கணவர் மலாயில் பதில் சொன்னார். வழியில் எண்ணெய் தீர்ந்தால் இந்தப் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள், துவான். பிரித்துவிட்டால் என் மனைவி வீட்டிலேயே நின்றுவிடுவாள். அவள் இல்லாமல் என்னால் இந்தச் சாலைகளில் போக முடியாது.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் தமிழில் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. முன்பின் தெரியாத கார்ப்பரலிடம், நடுச்சாலையில், அண்ணன் காது கேட்க, மலாயில் சொல்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான் அழுதேன். கார்ப்பரல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே டின்னை நீட்டினார். அதைப் பெரியவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறித் தன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

கிழிந்த மூக்கு இப்போது வாயைப் பிளந்துகொண்டு வழியெல்லாம் காற்றை விழுங்கியது. தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. கிம்மாஸ் போயிற்று, தம்பின் போயிற்று. அலோர் காஜாவைத் தாண்டியதும் எனக்கு நம்பிக்கைகூட வந்தது. குருபோங் அருகில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. வீடு இன்னும் சில மைல்தான்.

எல்லாம் முடிந்தது என்று நான் தையல் மிஷினின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். கூண்டின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரியவர் இறங்கி, தொட்டியின் மூடியைக் கழற்றி, டின்னைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்துக் காலி டின்னை மரங்களுக்குள் வீசி எறிந்தார். பிறகு பின்பக்கம் வந்து, எங்கள் கதவைத் தட்டிவிட்டு, தட்டிய இடத்திலேயே வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, வீட்ல ஒங்க அக்கா கேட்டா, ஒரே டேங்குல வந்தோம்னு சொல்லிரு. நானும் அப்படித்தான் சொல்லப் போறேன்."

"அக்கா சத்தியம் பண்ணச் சொன்னா, மாமா?"

"பண்ணிரு. பாவத்த நான் பாத்துக்கிறேன்."