சிவப்புச் சால்வை

பிரான்சில் இருக்கும் என் தம்பி ஆறு வருசமாய், "விசா கிடைக்கப்போகுது அக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அன்று புதுக்கதை ஒன்று சொன்னான். மூன்று வாரச் சைக்கிளோட்டத்தின் கடைசி மலையில் சிவப்புச் சால்வையோடு நிற்பானாம், ரிவியில் பார்க்கலாமாம்.

புத்தூர் வீட்டில் அயல் சனத்தையும் கூப்பிட்டு இருத்திவிட்டேன். பின்னேரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைய ஓட்டத்தில் வென்றவன் முடிவுக் கோட்டைத் தாண்டியும் சால்வையைக் காணவில்லை. "எங்கை உன்ரை தம்பி?" என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்தா. ரிவியை நிப்பாட்டிவிட்டு அவனுக்குப் போன் அடித்தேன்.

"உன்ரை விசாவும் உப்பிடித்தானே? எல்லாம் பொய்!"

அவன் போனை வைத்துவிட்டான். முக்கால் மணித்தியாலம் கழிய அவனிடமிருந்து, யாரோ எடுத்த வீடியோ ஒன்று வந்தது. சனம் கலைந்துபோன மலை வீதி. முழங்கால் கிழிந்த கடைசி வீரன் உன்னி உன்னி மிதிக்கிறான். பக்கத்தில் சிவப்புச் சால்வையை வீசியபடி என் தம்பி ஓடுகிறான்.

கீழே எழுதியிருந்தான்: "சனத்துக்கை நான் தெரிஞ்சிருக்கமாட்டன் அக்கா. கமரா போனாப்பிறகு இவன் தனிய வந்தான். அதுதான் கூட ஓடினனான்."

அடுத்த நாளும் ஓட்டம் இருந்தது. கடைசி ஆள் வந்து சேரும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.