நாக்குல ஒட்டுற பிஸ்கட்

சூளைக் கதவைச் சாத்துற வரைக்கும்தான் நம்ம கெட்டிக்காரத்தனமெல்லாம்; திறக்கும்போது அது கொடுக்கிறதை வாங்கிக்கணும். இட்லிப் பானையைத் திறக்கிறவங்க, பரீட்சை ரிசல்ட் பாக்குறவங்க எல்லாருக்கும் இது பழக்கம்தான், அதனால உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். விருத்தாசலத்துல பொம்மையும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் செய்யுற சின்னக் கம்பெனி ஒண்ணுல, வெந்து வர்ற சாமானைப் பாத்துப் பிரிக்கிறது என் வேலை.

முறுக்கு

காஞ்ச மண் பொம்மையை மொதல் தடவை சூளையில வேகவச்சு எடுத்தா, பளபளப்பே இல்லாம, சொரசொரன்னு வெளிறிப்போய் வரும். அதுக்குப் பேரு பிஸ்கட். யாரு வச்ச பேருன்னு தெரியாது. நாங்க வேலைக்குச் சேரும்போதே இருந்துது. அப்புறம் கிளேஸுங்கிற பூச்சுக் கரைசல்ல முக்கி மறுபடியும் வேகவச்சாத்தான் கண்ணாடியாட்டம் மின்னும். பிஸ்கட் பதமா இருக்குதான்னு பாக்க நுனி நாக்குல வைப்போம். நாக்கைப் பிடிச்சு இழுத்தா பூச்சை நல்லா உறிஞ்சும். இழுக்கலைன்னா அதிகமா வெந்துபோச்சு, பூச்சு நிக்காது.

முக்கி எடுக்குற வேலை செல்வியோடது. ஒரு நாள் அவ யானை பொம்மையோட தும்பிக்கையை நாக்குல வச்சு, கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறா. அகல் விளக்கு வாங்க பெண்ணாடத்துலேர்ந்து வந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் அவளையே பாத்தாங்க. அப்புறம் பக்கத்துல போயி மெதுவாச் சொன்னாங்க: "காலையில ஒண்ணும் சாப்புடாமயே வந்துட்டியா கண்ணு? பையில முறுக்கு இருக்குது, தரட்டுமா?"

கப்பல் ரொட்டி

வேப்பூர் பக்கத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்குற சிஸ்டர் ஒருத்தங்க கிறிஸ்துமஸ் குடிலுக்கு பொம்மை செட்டு சொல்ல வந்தாங்க. மாதா, சூசையப்பர், ராஜாக்கள், ஆடு மாடு, குழந்தை, எல்லாம் வெள்ளையில வேணும்னாங்க. பொம்மை வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. இந்த ஆர்டர் தேறலன்னா பொம்மையை நிறுத்திட்டு ஃபியூஸ் கட்டை மட்டும் போடுறதா முதலாளி முன்னாடியே சொல்லிட்டாரு. ஃபியூஸ் கட்டைக்குப் பூச்சு அடிக்க மிஷின் இருக்குது, செல்வி தேவையில்லை. அவ சம்பளத்துலதான் அந்த வூட்டுல உலை கொதிக்குது.

நாங்க பேசிக்கிட்டதைக் கேட்ட சிஸ்டர், "இதுக்கா பிஸ்கட்டுன்னு பேரு?"ன்னாங்க. அந்தச் சொல்லு லத்தீன்லேர்ந்து வந்துதாம். ரெண்டு தடவை வெந்ததுன்னு அர்த்தமாம். அந்தக் காலத்துல கப்பல்ல போறவங்க, மாசக்கணக்குல கெடாம இருக்க ரொட்டியைச் சுட்டு, மறுபடியும் காயச் சுட்டு எடுத்துட்டுப் போவாங்களாம். மண்ணுக்கு அந்தப் பேரு எப்படி வந்துதுன்னு அவங்களுக்கும் தெரியலை. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. எந்தக் கடல்லயோ எவனோ கடிச்ச ரொட்டியோட பேரு, கடலே இல்லாத எங்க ஊருக்கு வந்து மண்ணுமேல உக்காந்திருக்குது. அதுவும் ஒரு தடவை மட்டுமே வெந்த மண்ணுமேல. செல்வி கையிலிருந்த ஆட்டுக்குட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டா: "அப்ப இன்னொரு தடவை வேகணும்னு இதோட தலையெழுத்தைப் பேருலயே எழுதிட்டாங்களா சிஸ்டர்?"

அமெரிக்காவுல

அதுலேர்ந்து யாரு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாம விடுறதில்லை நான். மக வூட்டுக்கு அமெரிக்கா போயிட்டு வந்த ஒரு பெரியவர் பூ ஜாடி வாங்க வந்தாரு. கப்பல்ல மாசக்கணக்குல கெடாத அளவுக்குக் கெட்டியா இருந்தாத்தான் அது பிஸ்கட்டுன்னு பெருமையா ஆரம்பிச்சேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அங்க பிஸ்கட்டுன்னு சொல்லி மெத்துனு பன்னாட்டம் ஒண்ணை வச்சு, அதுமேல வெள்ளைக் குழம்பை ஊத்தித் தராங்கம்மா. டீயில தொட்டுத் தின்ன ஆசைப்பட்டு உக்காந்தவன் நான்."

அஞ்சு விரல்

குடில் செட்டு ரெண்டாம் வேக்காடு முடிஞ்சு சூளை திறந்தோம். மாதா ஜொலிச்சாங்க, மாடு கூட ஜொலிச்சுது. குழந்தையை எடுத்துப் பாத்தேன். மார்புல ஒரு கட்டை விரல் அளவுக்குப் பூச்சே இல்லை. திருப்பினா முதுகுல நாலு விரல். பிஸ்கட்டுல எண்ணெய் பட்டா அந்த இடத்துல பூச்சு ஒட்டாது, உருகும்போது விலகிப் போயிரும். மத்ததையெல்லாம் இடுக்கியில பிடிச்சு முக்குன செல்வி, குழந்தை நழுவிடும்னு கையாலயே பிடிச்சிருக்கா. மண்ணு வேலையில அவ கையெல்லாம் வெடிப்பு. முந்தின நாள் தேங்காயெண்ணெய் தடவியிருந்திருக்கா. "சோப்பு போட்டுத்தான் கழுவுனேங்க்கா"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. எனக்குக் கோவம் கோவமா வந்துது, அவமேல இல்லை, அந்தச் சூளைமேல.

வேற செய்ய நேரமில்லை, சிஸ்டர் வந்துட்டாங்க. முதலாளி குழந்தையை மாட்டுக்குப் பின்னாடி மறைச்சு வச்சாரு. நான் எடுத்து அவங்க கையிலயே கொடுத்தேன், நடந்ததையும் சொன்னேன். சிஸ்டர் அந்தக் கட்டை விரல் தடத்துமேல தன் விரலை வச்சாங்க, முதுகுல மத்த நாலையும் வச்சாங்க. சரியாப் பொருந்துச்சு. அவங்க கண்ணு கலங்கியிருந்துது. அப்புறம் முதலாளியைப் பாத்துச் சொன்னாங்க: "பொறந்த குழந்தையை யாராவது ஒருத்தங்க தூக்கித்தானே இருப்பாங்க? அடுத்த வருஷம் எங்க மத்த ஸ்கூலுங்களுக்கும் வேணும். குழந்தையை மட்டும் செல்வியே கையால முக்கட்டும்."

பிஸ்கட் ரெண்டே தடவைதாங்க வேகுது, சூளையைத் திறந்து பாக்குற வரைக்கும் நாங்க வேகுறதுக்கு எந்தப் பாஷையிலயும் பேரு வைக்கலை.