சூடத்தில் போன கிணறு

எருமப்பட்டிக்குத் தெற்கே செங்கோட்டையனுக்கு இருந்ததெல்லாம் ஒரு கிணற்றில் பாதிப் பங்கும் அதன் தண்ணீர் பாயும் துண்டு வயலும்தான். அதையும் முழுங்கப் பார்த்தான் கூடப்பிறந்த அண்ணன் ராசப்பன். பெத்த அய்யனுக்குக் கருமாதி செய்த ஈரம் காயவில்லை, "கெணறு நான் வெட்டினது, உனக்குப் பங்கில்லை" என்று வந்து நின்றான். த்தூ! பாறை உடைத்து உடைத்துத் தம்பியின் உள்ளங்கை காய்த்துப் போனது ஊருக்கே தெரியும்.

"கோர்ட்டுக்குப் போங்க. உட்டுக் குடுத்தா சோத்துக்கு என்னங்க பண்றது?" என்றாள் பெண்சாதி அத்தாயி. போனான். நாமக்கல் வக்கீல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "அண்ணனைத் திருடன்னு எழுதணும். உங்க ஆத்தாளையும் கூண்டுல ஏத்தணும்" என்றார். செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டான். வழக்கே வேண்டாம் என்று திரும்பிவிட்டான்.

ஊர்க்கவுண்டர் வேறு வழி சொன்னார். கருப்பனார் கோயிலில் ராசப்பன் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். செய்தால் கிணறு அவனுக்கு, பின்வாங்கினால் பாதி தம்பிக்கு. "சரிங்க" என்று செங்கோட்டையன் தலையாட்டினான். பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது. கருப்பனாரிடம் விளையாட அண்ணனுக்கென்ன பைத்தியமா? அப்படி நம்பினான், மடையன்.

ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் வந்தான். கூடவே அவனுடைய ஒரே மகள் பெரியநாயகி, ஐந்து வயசு. செங்கோட்டையனுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குட்டி நடை பழகியதே அவன் விரலைப் பிடித்துத்தான். "சித்தப்பா, அய்யன் பொரி வாங்கித் தர்றேன்னாரு!" என்று சிரித்தது. பூசாரி சூடம் கொளுத்தினார். ராசப்பன் இடது கையை மகள் தலையில் வைத்தான்.

"எம் புள்ள மேல ஆணையா..."

வலது கை சூடத்துக்குப் போனது. அதற்குள் செங்கோட்டையன் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினான்.

"ஐயோ, புள்ள மேல வெக்காத! கெணத்த நீயே எடுத்துக்க!"

"தம்பி வழக்கு பொய்யின்னு அவனே ஒத்துக்கிட்டான்" என்றது கூட்டம். ராசப்பன் குழந்தையை வாங்குகிற சாக்கில் தம்பியின் காதருகே குனிந்தான்.

"நீ என்னையச் சத்தியம் பண்ண உட மாட்டேன்னு தெரியும்டா. அதுக்குத்தான் இவளக் கூட்டியாந்தேன்."

சீச்சீ! இதுவும் ஒரே வயிற்றில் பிறந்ததா? பீயை மிதித்தாலாவது கழுவிக்கொள்ளலாம்.

ராஜியானால் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதோடு பகை தீர்ந்தது என்று அர்த்தம்; மறுத்தால் உறவே அறுந்தது. "சாமி, அண்ணன் ஊட்டுல கை நனைச்சுட்டுப் போ" என்றார் ஊர்க்கவுண்டர் செங்கோட்டையனிடம். ராசப்பன் பல்லைக் காட்டினான்.

"வாடா, கெடாக் கறி வெந்துட்டிருக்குது."

காலையிலேயே கிடா வெட்டிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்திருக்கிறான்!

செங்கோட்டையன் காறித் துப்பினான். "கெணறு உன்னுது. கை என்னுது. உன்ற சோத்துல இது நனையாது."

இனி அந்த வாசல் மிதிக்க முடியாது, அந்தக் குட்டியைத் தூக்கவும் முடியாது என்பது நாலு எட்டு வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"சித்தப்பா, பொரி திங்கலாம் வா!" என்று பெரியநாயகி பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பாமல் நடந்தான்.