இடது பக்கத்துப் பெயர்கள்

செஞ்சிக் கடைவீதியில் உள்ள ஒரு கிளினிக்கில் தங்கராஜ் இருபத்தாறு வருடமாகப் பெயர் கூப்பிடுகிறார். ஊசி போடுவதில்லை, மருந்து கட்டுவதில்லை. இருந்தாலும் ஊருக்கு அவர் கம்பவுண்டர். சைக்கிள் கடையில் இருந்தவரை டாக்டர் அழைத்துவந்து வாசலில் நிறுத்தியதே குரலுக்காகத்தான். அவர் கூப்பிட்டால் எதிர்ச்சாரி டீக்கடையில் இருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

நீள நோட்டு ஒன்று. இடது பக்கம், முதல் பஸ்ஸில் வந்து நேரில் பெயர் கொடுத்தவர்கள். வலது பக்கம், போனில் சொன்னவர்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றிக் கூப்பிட வேண்டும். தங்கராஜே செய்த ஏற்பாடு இது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சொந்த மச்சான் காய்ச்சலோடு வந்தபோதுகூட முறை வரும்வரை உட்காரவைத்தார். மச்சான் இரண்டு பொங்கலுக்கு அவரோடு பேசவில்லை.

தை மாதத்திலிருந்து இடது பக்கத்தில் பெயர்கள் விடுபட ஆரம்பித்தன. நாலு பேருக்கு ஒருவர்.

முழங்கால் வலிக்காக மேல்மலையனூரிலிருந்து வரும் விருத்தாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாய்யா கம்பவுண்டரு, போன் போட்டவன்லாம் உள்ள போறான், பஸ் ஏறி வந்தவ கல்லாட்டம் குந்தியிருக்கேன். எவ்ளோ வாங்கின?"

"நானா? வாங்கினனா?"

"பின்ன, எங்க ஊட்டு ஆடா வாங்குச்சு?"

கூட்டம் சிரித்தது. தங்கராஜ் நோட்டைப் பார்த்தார். அவள் பெயர் இருந்தது, அவர் கையெழுத்திலேயே. எப்படித் தாண்டினார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"கண்ணக் காட்டிட்டு வாய்யா. கண்ணுல ஒண்ணும் இல்லன்னா நான் வேற ஆளத்தான் வைக்கணும். ஊரே பேசுது."

திண்டிவனம் ரோட்டில் புதிதாக ஒரு கண் மருத்துவமனை வந்திருந்தது. அங்கே பரிசோதிக்கும் பெண்ணின் பெயர் ஷோபனா. சுவரில் இருந்த எழுத்துகளைத் தங்கராஜ் கடைசி வரிவரை படித்தார்.

"சூப்பர் சார். பார்வ நல்லா இருக்குது."

தங்கராஜின் முகம் தொங்கிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டு வாடிய ஆளை ஷோபனா பார்த்ததில்லை.

"இன்னா சார்?"

"கண்ணு நல்லா இருந்தா நான் திருடம்மா."

அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு உள்ளறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னாள். திரையில் பத்து வரிக் கதை. அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கீழே இருக்கும் சின்ன கேமரா கண் போகும் வழியைக் குறித்துக்கொள்ளும்.

தங்கராஜ் கிளினிக் குரலில் படித்தார். வெளியே காத்திருந்த இரண்டு பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வந்தார்கள்.

"நிமிஷத்துக்கு அம்பத்திரண்டு வார்த்த சார். உங்கள மாதிரி தெனம் படிக்கிறவங்க இதப்போல ரெண்டு மடங்கு படிப்பாங்க."

திரையைத் திருப்பிக் காட்டினாள். கண் போன வழி நீலக் கோடாக இருந்தது. வரியில் வலது பக்கமாகப் போகும்போது ஒழுங்காகத்தான் தாவியிருந்தது. அடுத்த வரிக்குத் திரும்பும்போதுதான் கோளாறு. இடது ஓரத்துக்கு வராமல் பாதியிலேயே நின்று, தடுமாறி, வேறு வரியில் இறங்கியிருந்தது.

"மூணாவது வரிய விட்டுட்டீங்க சார். விட்டதே உங்களுக்குத் தெரியல."

"செவுத்துல எல்லாத்தையும் படிச்சனே?"

"அங்க ஒவ்வொரு எழுத்தா தேடிப் புடிச்சுடலாம். இங்க ஓடணும்ல?"

கண் டாக்டர் வேறு சோதனைகளும் செய்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மார்கழியில் ஒருநாள் தங்கராஜ் தலைவலி என்று படுத்திருந்தார்; அன்றைக்கு மூளையில் சின்னதாக ஒரு அடைப்பு ஏற்பட்டிருந்தது. இரண்டு கண்ணிலும் இடது ஓரத்துப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. பிரஷர் மாத்திரையை விடக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் தங்கராஜ் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"சார், இத ஒரு பேப்பர்ல போட்டுக் குடுப்பீங்களா? அந்த நீலக் கோட்டோட?"

வேலை போகவில்லை. ஷோபனா சொல்லிக்கொடுத்தபடி நோட்டின் இடது ஓரத்தில் தடிமனாகச் சிவப்புக் கோடு இழுத்தார். சிவப்பு கண்ணில் படும்வரை வாயைத் திறப்பதில்லை. வரிக்கு அடியில் ஒரு ஸ்கேல். நீலக் கோட்டுப் பேப்பரைக் கிளினிக் கதவில் ஒட்டினார்.

விருத்தாம்பாள் வந்து அதை உற்றுப்பார்த்தாள்.

"இன்னாது இது, கோழி கீறினாப்புல?"

"என் கண்ணு போற வழி. தோ பாரு, இங்க வரவேண்டியது அங்க போயி உழுந்துருக்குது. உன் பேரு அதுலதான் போச்சு."

அவள் விரலால் கோட்டைத் தொடர்ந்து போனாள். விரல் இரண்டு இடத்தில் நின்றது.

"அப்ப வாங்கல?"

"வாங்கல."

"அடப்பாவி, நான் ஊரெல்லாம் சொல்லிட்டனே!"

"சொன்ன வாயால மாத்திச் சொல்லு."

"ஒவ்வொரு ஊடா ஏறி எறங்க எனக்கு முட்டி இருக்குதா? அமாவாச வரட்டும். அன்னிக்குத்தான் எல்லாரும் கோயில்ல ஒண்ணா சிக்குவாங்க."

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. அதுவரை திருடனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கராஜுக்குத் தோன்றியது. ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினார்.