யார் வேண்டுமானாலும் மாட்டலாம்

ஃப்ரிட்ஜ் கதவு வரைவதில் என்னை மிஞ்ச எங்கள் ஆபீசில் ஆள் கிடையாது. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். மல்லாபூர் தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் பதினான்கு வருஷம் தேய்ந்தவள் நான். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில், "இவளுக்குக் கதவை விட்டால் வேற பேச்சே இல்லை" என்று சலித்துக்கொள்வார்கள்.

என் மானத்தை வாங்கியதும் ஒரு கதவுதான். முகப்பில் தொடுதிரை வைத்த முதல் மாடல் அது. திரைக்குப் போகும் ஒயர் மேல்பக்கக் கீல் வழியாக நுழைந்து, கதவுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாயில் இரண்டு வளைவு தாண்டி வெளியே வர வேண்டும். கம்ப்யூட்டரில் வெண்ணெயாகப் போனது. லைனில் இரண்டாவது வளைவில் மாட்டிக்கொண்டது. தள்ளினால் மடங்கும், இழுத்தால் அறும்.

அதைச் சமாளித்தது ஒரே ஒரு அக்கா. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், காண்ட்ராக்ட் வேலை. பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு'. பழைய ஸ்கூட்டர் பிரேக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு, அதன் வாலில் ஒயரைக் கட்டி, வளைவு வந்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்புவார். பாவாடைக்கு நாடா கோர்த்த மாதிரி ஒயர் அந்தப் பக்கம் வந்து நிற்கும். அதே கம்பியை மற்றவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அந்தத் திருப்பல் வரவில்லை. அவர் லீவு போட்டால் லைன் நொண்டும். வருஷா வருஷம் காண்ட்ராக்ட் ஆட்களைக் குறைக்கும்போது அவர் பெயரில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

என் தப்பை இன்னொருத்தி மணிக்கட்டு மூடி மறைப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை. குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் கதவு வரைந்தேன். கதவின் மேல்விளிம்பில் ஒரு வாய்க்கால். ஒயரை அதில் வைத்து அழுத்தி, மேலே மூடியை டக்கென்று பொருத்தினால் முடிந்தது. யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அப்படித்தான் மீட்டிங்கில் மார்தட்டிச் சொன்னேன்.

"அப்படியானால் அந்த அம்மாவே ஐந்து கதவு மாட்டட்டும், பழையதைவிட வேகமாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்" என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை கடிகாரத்தோடு நின்றோம். அக்கா ஒயரை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஐந்து கதவுக்கும் பழையதைவிட அதிக நேரம். மேனேஜர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒயர் கோர்க்கிறவருக்கு மூடி போடத் தெரியாதாம்!

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, வேணும்னேதானே இழுத்தடிச்சீங்க?"

"ஹவ் மேடம், வேணும்னேதான். உங்ககிட்ட கைக்கு பொய் சொல்லணும்?" என்றார், டப்பாவை மூடாமலே. "நல்ல கதவு மேடம். நேத்து வந்த பொண்ணுகூட மாட்டிடும். அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க? என் பொண்ணு இப்பத்தான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம்."

அத்தனை நாள் வரைந்ததில் திருகாணி முதல் மூடி வரை எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். இந்தக் கேள்வி என் மண்டையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"மாதிரி அறையில உங்களைப் போடச் சொல்லிக் கேக்கேன்க்கா," என்றேன். புது மாடல்களை முதன்முதலில் பூட்டிப் பார்க்கும் அறை அது.

"கிடைக்குமா?"

"தெரியாது. உறுதியா சொல்ல முடியாது. கேப்பேன்."

அவர் டப்பாவை மூடினார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

மத்தியானம் இன்னொரு முறை சோதனை வைக்கச் சொன்னேன். மேனேஜர் வேண்டாவெறுப்பாக வந்தார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். டக், டக், டக். மேனேஜர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. ஐந்தாவது கதவு முடிந்ததும் வெளியீட்டுத் தாளை என் முன் நீட்டினார். அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் கதவு லைனுக்குப் போகும்.

பேனாவைத் திறக்கவில்லை. "சார், பழைய கதவை இவங்க முதல் நாளே தொட்டிருந்தா அந்த வளைவு தப்புன்னு அன்னிக்கே சொல்லியிருப்பாங்க. எத்தனை ஒயரை அறுத்தோம்? இவங்க கை படாத கதவு இனி லைனுக்குப் போகக் கூடாது. மாதிரி அறையில போடுங்க."

"பார்க்கலாம்."

"அப்போ கையெழுத்தையும் பார்க்கலாம் சார்."

மிரட்டுகிறாயா என்றார். ஆமாம் என்றேன். பயந்தேன்தான், ஆனாலும் பேனா மூடியே இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவை மாதிரி அறையில் போட்டு ஆர்டர் வந்தது.

அக்காவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ்வரை படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க கிடைக்கும்னு சொல்லியிருந்தா நான் மத்தியானமும் மெதுவாத்தான் மாட்டியிருப்பேன் மேடம். தெரியாதுன்னீங்க, அதான் நம்பினேன்," என்றார். பிறகு தாளில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுலயும் காண்ட்ராக்ட் ஒரு வருசம்னுதானே போட்டிருக்கு?"