தம்பியின் காருக்கு இன்ஜின் மாற்றியது யார்?

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், தம்பியிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும் அவனுடைய அக்காவின் வணக்கம். தம்பி கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிவிட்டது. மலரைத் தயாரிக்கும் தம்பி மகன், "அத்தை, அவர் இவர்னு மரியாதையா எழுதுங்க, அச்சுல வருது" என்று சொல்லியிருக்கிறான். எழுதிப் பார்த்தேன். இடுப்பில் தூக்கிச் சுமந்த பையனை 'அவர்' என்று எழுதினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. அவன் என்றுதான் எழுதுவேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அந்த இன்ஜின் வேலைதான் வாத்தியாரைக் கொன்றது, பொண்டாட்டிக்காரி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்" என்று ஓராண்டாக நம் சொந்தத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தப் பேச்சு இன்றோடு நிற்க வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தேன் என்று பேர்தான், நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

தம்பி பிறந்தது டி. கல்லுப்பட்டியில். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். பிறந்த நாளிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளாது. கோயிலில் பிரசங்கம் முடியும்வரை உட்கார வைக்க முடியாமல், கடைசியில் மணி அடிக்கிற வேலையை அவனிடம் கொடுத்தார்கள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். நான் வேலைக்குப் போய்த்தான் அவனைப் படிக்க வைத்தேன். அதைச் சொல்லிக்காட்டவில்லை, வாழ்க்கைக் குறிப்பில் அதுவும் இருக்க வேண்டுமே என்று எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனான். வகுப்பிலும் நடந்துகொண்டே இருப்பான். அவனைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலிக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். யாரையும் அடித்ததில்லை. செல்லூர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு வீட்டில் வைத்துச் சும்மாவே சொல்லிக் கொடுத்தான்.

ஓய்வு பெற்றதும் ஆனையூர் வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் தவித்தான். வாசலில் அவனுடைய பழைய அம்பாசிடர் நின்றது. புகை கக்கிக்கொண்டு, பெட்ரோலுக்குப் போட்டியாக ஆயிலையும் குடிக்கிற நிலைமை. பார்த்த மெக்கானிக் எல்லோரும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். இவன் கேட்பானா? விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் டீசல் இன்ஜினை கியர் பாக்ஸோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியும் முறைப்படி பெற்று, வீட்டு வாசலிலேயே மாற்றப்போகிறேன் என்று கிளம்பிவிட்டான். மூன்று கால் ஸ்டாண்டு வந்தது, சங்கிலி போட்டுத் தூக்கும் செயின் பிளாக் வந்தது. பழைய இன்ஜினை வெளியே தூக்கிய அதே வாரம் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது.

கனமான எதையும் தூக்கக் கூடாது, குனிந்து நிமிர்கிற வேலை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அதற்குப் பிறகும் வாசலில் வேலை நடந்தது. அவன் கையில் கிரீஸோடு நின்றதைப் போனவர் வந்தவர் எல்லோரும் பார்த்தீர்கள். நானும் பார்த்து வாய் ஓயாமல் திட்டினேன். ஆனால் நாம் பார்த்தது என்ன தெரியுமா?

ஒரு நாள் மத்தியானம் செல்லூரிலிருந்து அவனைப் பார்க்கப் போனேன். தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் சத்தமே இல்லாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். தம்பி தோளில் துண்டோடு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். கை அப்படிச் சுத்தமாக இருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து கொலுசு போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அந்த இடது பக்க போல்ட்ட இன்னும் அரைச் சுத்து திருப்பு எஸ்தரு" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவன் என்னைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பக்கத்திலிருந்த கிரீஸ் டப்பாவுக்குள் கையை விட்டு அப்பிக்கொண்டு, ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டான். நான் முழுசாகப் பார்த்த பிறகு!

"என்னடா கூத்து இது?" என்றேன்.

தம்பி மனைவி எஸ்தர் வெளியே வந்தாள். தம்பியின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்தாள். நெற்றியெல்லாம் கரி. "வாங்க மதினி, காபி போடவா?" என்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

இதுதான் நடந்தது, சொந்தங்களே. கேட் சத்தம் கேட்டதும் எஸ்தர் எழுந்து பின்பக்கம் ஓடி மண்ணெண்ணெயில் கை கழுவுவாள். தம்பி கையில் கிரீஸைப் பூசிக்கொள்வான். அவள் காபியோடு வருவாள். நீங்கள் குடித்துவிட்டு, "இந்த வயசுல இம்புட்டு வேலை எதுக்கு வாத்தியாரே" என்று புத்தி சொல்லிவிட்டுப் போவீர்கள். அப்புறம் அவள் மறுபடியும் வண்டிக்கு அடியில் போவாள்.

"அக்கா, வெளிய மூச்சு விட்றாத" என்று தம்பி கெஞ்சினான். "பொண்டாட்டிய வண்டிக்கு அடியில தள்ளிட்டு வாத்தியாரு சேர்ல உக்காந்திருக்காருன்னு ஊரே சிரிக்கும்."

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"வேலைய நிறுத்தினா இவரு ராத்திரி பகலா நடந்துக்கிட்டே இருக்காரு மதினி. டாக்டர் உக்காரச் சொன்னாரு. இது நடந்தாத்தான் உக்காருறாரு. நான் என்ன செய்ய?"

அவள் சொன்னது அம்புட்டும் நிஜம். எழுபது வயதை நெருங்கும்போதுதான் என் தம்பி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சேரில் தொடர்ந்து உட்கார்ந்தான். வேளைக்குச் சாப்பிட்டான், மாத்திரை போட்டான், தூங்கினான். வேன் இன்ஜின் அந்தக் காரில் லேசில் உட்காரவில்லை. முதலில் இறக்கியபோது உயரமாக நின்று பானட் மூட மறுத்தது. அதைத் தாங்குகிற இரும்புக் கைகளை மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது. ஜாக்கெட் தைக்கிற எஸ்தர் காக்கி அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தாள். அதைப் பார்த்து செல்லூர் வெல்டர் பாண்டி செய்து கொண்டுவந்தார். சரியாக வராதபோதெல்லாம் இருவரும் சண்டை போடுவார்கள். "நீ கண்ணை மூடிக்கிட்டு வெட்டினியா?" என்பான் இவன். "அப்ப நீங்க வந்து படுங்க" என்பாள் அவள். அந்தச் சண்டையைப் பார்க்கவே நான் அடிக்கடி போனேன்.

ஒருவழியாக இன்ஜின் ஓடியது. சாவியைத் திருப்பியது எஸ்தர்தான். தம்பி சேரிலிருந்து எழுந்து, அதிர்கிற பானட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றானாம். ஆனால் வண்டி நகரவில்லை. பின்சக்கரத்தைச் சுழற்றுகிற நீளத் தண்டை அளவு குறைக்க லேத்துப் பட்டறைக்குக் கொடுத்திருந்தார்கள். அது திரும்பி வரும் முன்பே, ஒரு விடியற்காலையில், படுத்த படுக்கையில், தூக்கத்திலேயே போய்விட்டான். வண்டிக்கு அடியில் சாகவில்லை. ஒரு ஸ்பேனரைக்கூட அவன் பலமாகத் திருப்பிச் சாகவில்லை.

துக்க வீட்டில் எஸ்தர் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் நகக்கண்ணில் கறுப்பைப் பார்த்த ஒரு அம்மா, "புருஷன் போன வீட்டுல கையக்கூட ஒழுங்காக் கழுவல பாரு" என்றார். இன்னொருவர், "வண்டிக்குப் பலி குடுத்துட்டா" என்றார். அவள் காதில் விழும்படிதான் சொன்னார்கள். தம்பி கெஞ்சிக் கேட்டிருந்ததால் அன்றைக்கு நானும் உண்மையைச் சொல்லவில்லை. அவளோ கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இதை எழுதப்போகிறேன் என்று போன மாதம் அவளிடம் சொன்னேன். "வேண்டாம் மதினி, அவரு மானம் போயிரும்" என்றாள்.

"செத்தவன் மானத்துக்காக நீ உசிரோட வேகணுமா?" என்று கத்திவிட்டேன்.

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடித்து வைத்தாள். பிறகு, "எழுதுறதா இருந்தா, அவருதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாருன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். சொல்லிக் கொடுத்தது அவன், செய்தது அவள்.

தம்பியைக் கவனித்த டாக்டருக்கும், ஆறுதலாக நின்ற போதகருக்கும், இரவெல்லாம் உடனிருந்த ஆனையூர்த் தெருக்காரர்களுக்கும், பெட்டியைச் சுமந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூலி பேசாமல் வந்து அந்தத் தண்டை எஸ்தரோடு சேர்ந்து மாட்டிக் கொடுத்த பாண்டிக்குத் தனியாக நன்றி. என் தம்பியைக் கடைசிக் காலத்தில் ஒரு இடத்தில் உட்கார வைத்த எஸ்தருக்கு நன்றி என்ற சொல் போதாது, அவள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று நினைவு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். காரை எஸ்தர் ஓட்டுகிறாள். முன் சீட்டில் நான். பின் சீட்டு காலியாக இருக்கிறது. துக்க வீட்டில் அவளைப் பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் போடவில்லை. அவர்களுக்காகத்தான் அந்த இடம். கதவைத் திறக்கும்போது, "தப்பாப் பேசிட்டோம் தாயி" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். அதற்கு வாய் வராதவர்கள் பஸ்ஸில் வரலாம்.