ரெண்டு சர்வரும் ஒண்ணுதானா?

டேட்டாபேஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு; எல்லாம் சரி என்று திரை காட்டும்போதுதான் எனக்குச் சந்தேகம் வரும். அதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

வீடுகளுக்கு மருந்து அனுப்பும் லண்டன் கம்பெனி எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரை நிறுத்திவிட்டுப் புதுசுக்கு மாற வேண்டும். ரெண்டும் அச்சு அசலாக ஒன்றா என்று பார்ப்பது என் பொறுப்பு. தவறவிட்டால் யாரோ ஒருவருக்கு இன்சுலின் போய்ச் சேராது.

வித்தியாசமே இல்லை

ஒப்பிடும் டூலை ஓட்டினேன். டேபிள், செட்டிங் எதிலும் வித்தியாசம் இல்லை என்றது. நிம்மதியாக டீ போட எழுந்தேன். பக்கத்து மேஜை சீலன் அண்ணா, டூட்டிங்கிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துக்காரர், என் திரையை எட்டிப் பார்த்தார். இடப்பக்கமும் பழைய சர்வர், வலப்பக்கமும் பழைய சர்வர். அதையே அதோடு ஒப்பிட்டிருக்கிறேன். அவர் சொன்னார்: "தங்கச்சி, கண்ணாடியைப் பாத்தா ஆரெண்டாலும் தன்னை மாதிரித்தான் இருப்பினம்."

எல்லாமே வித்தியாசம்

ஒழுங்காக ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. பாதிக்கு மேல் சும்மா: எங்கோ ஒரு காலி இடம், எங்கோ வரிசை மாற்றம். ஆனால் எது சும்மா, எது ஆளைக் கவிழ்க்கும் என்று யார் சொல்வது? மதியச் சாப்பாட்டைத் தொடக்கூட இல்லை. மேனேஜர் க்ளேர் வந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டார்: "முக்கியமானதை மட்டும் பார்த்தால் போதாதா?"

ரெண்டும் இங்கிலீஷ்தான்

அந்தச் சிவப்பில் ஒரு வரி. மொழி: பழையதில் பிரிட்டிஷ் ஆங்கிலம், புதியதில் அமெரிக்க ஆங்கிலம். ரெண்டும் இங்கிலீஷ்தானே என்று தள்ளிவிடப் போனேன். ஏதோ உறுத்தியது. ஒரு ஆர்டரைப் புது சர்வரில் போட்டுப் பார்த்தேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி போகவேண்டிய இன்சுலின், மே நாலாம் தேதியில் போய் உட்கார்ந்திருந்தது. அமெரிக்க வழக்கப்படி தேதியை மாதமாகவும் மாதத்தைத் தேதியாகவும் படித்துவிட்டு, எந்தப் பிழையும் காட்டாமல் கம்மென்று இருந்தது. சீலன் அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மெல்லச் சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லாமல் மாத்திப்போட்டுதே, பாவி."

திங்கட்கிழமை

அந்த வரியைத் திருத்தித்தான் மாறினோம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காலையிலேயே கஸ்டமர் போன் எடுக்கும் இடத்தில் போய் நின்றேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு அம்மா, மகனுக்கு இன்சுலின். தமிழ் என்றதும் என்னிடம் தந்தார்கள். போச்சு என்று நினைத்துக்கொண்டே, "இன்சுலின் வந்துச்சாம்மா?" என்றேன். அவருக்கு எரிச்சல். "ஓம், அது எப்பவும் வாறதுதானே. இந்தக் காலி ஐஸ் பெட்டியை எப்ப வந்து எடுப்பியள்?"

நம் வேலை ஒழுங்காக நடந்தால், ஜனங்கள் காலிப் பெட்டியைப் பற்றித்தான் கேட்பார்கள்.